உப்பு மூட்டையும் 8 கோல்ட் கழுதையும்: டி அண்ட் டி சரக்குப் பட்டியல் ஒரு ரிவ்யூ

"டேய், உப்பு பவுண்டு 5 கோல்ட் டா, வெள்ளி விலை, ரெண்டு டிரிப் அடிச்சா கோட்டையே வாங்கிடலாம்"னு எங்க டேபிள்ல பார்பேரியன், அதாவது முரட்டு வீரன், கேரக்டர் ஆடுறவன் அடிச்சு சொன்னான். டேபிள்னா டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஆடுற டேபிள், ஆளுக்கு ஒரு கற்பனை கேரக்டரை எடுத்துக்கிட்டு பேசியும் டைஸ் உருட்டியும் கதை நடத்துற ஆட்டம், கோல்ட், சில்வர், காப்பர் எல்லாம் அந்த உலகத்துக் காசு. என் கையில இருந்த பட்டியல்ல உப்பு 5 காப்பர். ரெண்டு பேர் சொன்னதும் சரிதான், அதான் கூத்து. அவன் வருஷக்கணக்கா ஆடினது விதிப் புத்தகத்தோட பழைய 3.5 எடிஷன், அதுல உப்பும் வெள்ளியும் ஒரே வரியில உக்காந்திருக்கும், பவுண்டு 5 கோல்ட். நான் நடத்துறது 2014ல வந்த 5வது எடிஷன், அதுல அதே உப்பு 5 காப்பர். 100 காப்பர் சேர்ந்தாதான் ஒரு கோல்ட், அப்போ விலை நூத்துல ஒரு பங்கா இறங்கிருச்சு. நடுவுல எந்தக் கடல் வத்துச்சு, எவன் புதுசா உப்பளம் தொறந்தான்னு பட்டியல்ல ஒரு வார்த்தை கிடையாது. அன்னைக்கு செஷன் அரை மணி நேரம் இந்த சண்டையிலயே போச்சு, அந்த அரை மணி நேரம்தான் எனக்கு இந்த ரிவ்யூ எழுதணும்னே தோண வெச்சது.

முழு டி அண்ட் டிக்கு ரிவ்யூ இல்ல இது. சண்டை எப்படி, கேரக்டர் வகை எப்படின்னு எழுத ஏகப்பட்ட பேர் இருக்காங்க. நான் பேசப்போறது அந்த விதிகளுக்குள்ள ட்ரேட் குட்ஸ், அதாவது வியாபாரச் சரக்குன்னு தலைப்பு போட்ட ஒரு குட்டிப் பட்டியல், கோதுமையில ஆரம்பிச்சு பிளாட்டினத்துல முடியும், அரைப் பக்கம் கூட வராது. இதுக்குக் காசு குடுத்துப் புத்தகம் வாங்கணும்னு கூட இல்ல, எஸ்ஆர்டி 5.1ன்னு இலவசமா கிடைக்கிற விதித் தொகுப்புலயே இருக்கு, 2023 ஜனவரியில அதை கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்ல விட்டுட்டாங்க, அதனால எங்க இருந்து எடுத்தோம்னு ஒரு வரி போட்டுட்டு உங்க சொந்த உலகத்துக்கு எடுத்துக்கலாம். நான் டிஎம், அதாவது கதையையும் விதியையும் நடத்துறவன், பிளேயர் அஞ்சு பேர், எட்டு மாசமா டிராகன் டன்ஜன் எல்லாத்தையும் ஓரமா வெச்சுட்டு வெறும் வியாபாரிங்களாவே ஆடிக்கிட்டு இருக்கோம், அதனால இந்தப் பட்டியலை எங்க அளவுக்குக் கசக்கிப் பிழிஞ்சவங்க கம்மின்னு தைரியமா சொல்லுவேன்.

மொதல்ல நல்லதை சொல்லிடுறேன். கோதுமை பவுண்டு 1 காப்பர், மாவு பவுண்டு 2 காப்பர், ஒரு கோழியும் அதே 2 காப்பர். இரும்பு 1 சில்வர், அதாவது 10 காப்பர். இஞ்சி ஒரு பவுண்டு 1 கோல்ட், ஒரு வெள்ளாடும் 1 கோல்ட். மிளகு இல்லன்னா பட்டை ஒரு பவுண்டு 2 கோல்ட், செம்மறி ஆடும் அதே விலை. கிராம்பும் பன்னியும் 3, பட்டு ஒரு சதுர கஜமும் பசு மாடும் 10, குங்குமப்பூவும் எருதும் 15. இப்படி ஒரே விலைக்குள்ள ஒரு சரக்கையும் ஒரு உசிரையும் கட்டிப் போட்டிருக்கிறது பாக்க சாதாரணமா இருக்கும், ஆனா டேபிள்ல இதோட ருசியே தனி. எல்லையோர கிராமத்துல காசே இல்ல, மூணு செம்மறி இருக்கு, எனக்கு மிளகு வேணும்னு ஒரு கிழவி கேட்டா, கால்குலேட்டர் எடுக்க வேண்டாம், மூணு பவுண்டு மிளகுன்னு உடனே சொல்லிடலாம். பண்டமாற்று சீன் எல்லாம் பட்டுபட்டுன்னு ஓடிச்சு, அதுக்கு முழு மார்க்.

உலோகக் கணக்கும் அழகு. 50 காசு சேர்ந்தா ஒரு பவுண்டு எடைன்னு ஒரு இடத்துல சொல்லிட்டு, இன்னொரு இடத்துல தங்கம் பவுண்டு 50 கோல்ட், வெள்ளி பவுண்டு 5 கோல்ட், அதாவது 50 சில்வர், செம்பு பவுண்டு 5 சில்வர், அதாவது 50 காப்பர், பிளாட்டினம் பவுண்டு 500 கோல்ட்னு கரெக்டா முடிச்சு போட்டிருக்காங்க. காசை உருக்கினாலும் அதே மதிப்பு, கட்டியை அச்சடிச்சாலும் அதே மதிப்பு. என்ன, அப்போ நாணயம் அடிக்கிற ராஜாவுக்குக் கூலி கூட மிஞ்சாது, அடுப்புக் கரி செலவு அவர் கைக்காசு. ரொம்ப நல்ல மனுஷன் போல.

சரி, பிரச்சனைக்கு வருவோம். இந்தப் பட்டியல்ல விலை இருக்கு, ஊர் இல்ல. சரக்குங்க சந்தையில முழு மதிப்புக்குப் போகும், காசு மாதிரியே குடுத்து வாங்கலாம்னு விதி தெளிவா சொல்லுது. கேக்க நல்லா இருக்கும், ஆனா யோசிச்சுப் பாருங்க, துறைமுகத்துல மிளகு 2 கோல்ட், மலை மேல இருக்கிற ஊர்லயும் 2 கோல்ட், பாலைவனம் தாண்டிப் போனாலும் 2 கோல்ட். எங்க வாங்கினாலும் எங்க வித்தாலும் அதே விலைன்னா எதுக்கு வண்டி, எதுக்கு காவல், எதுக்கு இருபது நாள் மழையில நனையணும்? இறக்குமதி ஏற்றுமதின்னு ரெண்டு வார்த்தைக்கே இந்த உலகத்துல வேலை இல்லாம போயிடுது.

செஞ்ச பொருளுக்கு இன்னும் மோசம். வாள், கவசம், மத்த சாமான் எல்லாம் விக்கும்போது பாதி விலைதான். நீங்களே செய்யலாம்னா, பொருளோட விலையில பாதிக்கு மூலப்பொருள் போடணும், ஒரு நாளைக்கு 5 கோல்ட் மதிப்புக்குதான் வேலை நகரும். லாங்ஸ்வோர்ட் விலை 15 கோல்ட். ஏழரை கோல்டுக்கு மூலப்பொருள் போட்டு, மூணு நாள் பட்டறையில வெந்து, வெளிய வந்து ஏழரை கோல்டுக்கு விக்கலாம். லாபம் சுழி. இதுல வேடிக்கை என்னன்னா அந்த வாளோட எடை 3 பவுண்டு, 3 பவுண்டு இரும்பு அதே பட்டியல்ல 3 சில்வர்தான். மிச்சம் 7 கோல்ட் 2 சில்வர் எங்க போச்சு, கைப்பிடித் தோலுக்கா? எங்க குரூப்ல கொல்லனா ஆடினவன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாத்துட்டு அடுத்த வாரமே வேற கேரக்டர் எழுதிட்டு வந்துட்டான்.

(பழைய 3.5ல இதைவிட பெரிய ஜோக் ஒண்ணு உண்டு, 10 அடி ஏணி 5 காப்பர், 10 அடி கம்பு 2 சில்வர். ஏணியை வாங்கி ஒடிச்சு ரெண்டு கம்பா வித்தா கோடீஸ்வரன். 5வது எடிஷன்ல கம்பு 5 காப்பர் ஏணி 1 சில்வர்னு மாத்தி அந்த ஓட்டையை அடைச்சுட்டாங்க, யாரோ உக்காந்து யோசிச்சிருக்காங்கன்னு சந்தோஷம், அவங்களே இன்னும் ரெண்டு வரி தள்ளிப் பாத்திருக்கலாம்.)

இப்போ வண்டி. இதை நான் கொஞ்சம் விரிவா சொல்லியே ஆகணும், ஏன்னா எங்க கேம்பெய்னோட, அதாவது மாசக்கணக்கா ஓடுற இந்தத் தொடர்கதையோட, பாதி சிரிப்பு இங்கதான். ஒரு மிருகம் வண்டி இழுத்தா அது சுமக்கிற எடையில அஞ்சு மடங்கு இழுக்கும், வண்டியோட எடையும் அதுல அடக்கம். ட்ராஃப்ட் ஹார்ஸ், அதாவது வண்டிக் குதிரை, 50 கோல்ட், 540 பவுண்டு சுமக்கும், அப்போ 2,700 இழுக்கும், பெரிய வண்டி 35 கோல்ட், அதோட எடை 400, சரக்குக்கு 2,300 பவுண்டு. மொத்த செலவு 85 கோல்ட். கோவேறு கழுதை? 8 கோல்ட். 420 சுமக்கும், 2,100 இழுக்கும், 15 கோல்ட் சின்ன வண்டி 200 பவுண்டு எடை, சரக்குக்கு 1,900. மொத்தமே 23 கோல்ட். குதிரை வண்டி ஒண்ணு வாங்குற காசுக்கு மூணு கழுதை வண்டி வாங்கி மிச்சத்துல இன்னும் ரெண்டு கழுதை ஸ்பேர் வெச்சுக்கலாம். இதைக் கண்டுபிடிச்ச அன்னைக்கு இருந்து எங்க கம்பெனியில குதிரையே கிடையாது.

அதைவிடக் கொடுமை ஆத்துப் படகு. கீல்போட் விலை 3,000 கோல்ட், டிஎம் புத்தகத்துல அதோட சரக்கு அளவு பாத்தா அரை டன், அதாவது 1,000 பவுண்டு, வேகம் மணிக்கு 1 மைல். 23 கோல்ட் கழுதை வண்டி இதைவிட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஏத்தும். தண்ணியில கொண்டு போறதுதான் எப்பவும் மலிவுன்னு யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, இந்த உலகத்துல மட்டும் ஆறு ஓடுறது அழகுக்கு.

ஆனா கடலுக்குப் போயிட்டா கதை தலைகீழ். செய்லிங் ஷிப் 10,000 கோல்ட், 100 டன், அதாவது 2,00,000 பவுண்டு ஏத்தும், மணிக்கு 2 மைல், ராத்திரி பகல் ஓடினா ஒரு நாளைக்கு 48 மைல். ஆளு 20 பேர் வேணும், தொழில் தெரிஞ்சவங்க, தலைக்கு நாளைக்கு 2 கோல்ட், அப்போ தினமும் 40 கோல்ட் சம்பளம். இதுல கோதுமை ரொப்பினா மொத்த சரக்கே 2,000 கோல்ட்தான், 50 நாள் சம்பளத்துல கப்பல் முழுக்க இருந்த கோதுமையும் கரைஞ்சு போயிடும். அதே கப்பல்ல மிளகு ரொப்பினா 4,00,000 கோல்ட். கப்பல் விலையைப் போல 40 மடங்கு சரக்கு. எங்க ரோக், அதாவது திருட்டுக் கேரக்டர், ஆடுற பொண்ணு இதைக் கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல, அப்புறம் மெதுவா "நாம ஏன் வாங்கி விக்கிறோம், நடுக்கடல்ல வெயிட் பண்ணலாமே"ன்னா. கடல் கொள்ளை ஏன் வருதுன்னு அதுக்கு மேல விளக்கம் வேண்டாம், பட்டியலே சொல்லிடுச்சு.

விட்டுப்போனதும் நிறைய. துணிக்கு எல்லாம் சதுர கஜத்துக்கு விலை இருக்கு, எடை இல்ல. ஒரு வண்டியில எத்தனை கஜம் பட்டு ஏத்தலாம்னு கேட்டா டிஎம் தலையைச் சொறியணும். கடைசியில 50 அடி பட்டுக் கயிறு 5 பவுண்டு எடைன்னு இன்னொரு பட்டியல்ல இருக்கிறதைப் பிடிச்சு குத்துமதிப்பா ஒரு எண் போட்டேன், அப்பவும் ஒருத்தன் முறைச்சான், ஏன்னா அந்த முழுக் கயிறும் 10 கோல்ட், ஒரே ஒரு கஜம் பட்டுத்துணியும் அதே 10 கோல்ட். எருது 15 கோல்டுனு விலை போட்டவங்க அது எவ்வளவு இழுக்கும்னு போடல, வாகன மிருகப் பட்டியல்ல ஒட்டகம் இருக்கு, யானை இருக்கு, நாய் கூட இருக்கு, எருது இல்ல. வண்டி மாட்டை விக்கலாம் ஆனா வண்டியில பூட்ட முடியாது.

எங்க மொத டிரிப்பே இந்த லட்சணத்துலதான் போச்சு. ஒரு வண்டி கோதுமை, 1,900 பவுண்டு, 19 கோல்ட். பத்து நாள் பாதை. ரெண்டு காவல்காரன், தொழில் தெரிஞ்சவன், தலைக்கு 2 கோல்ட் வீதம் பத்து நாளைக்கு 40 கோல்ட். சரக்கைக் காப்பாத்த சரக்கை விட ரெண்டு மடங்கு செலவு, போய் சேர்ந்த இடத்துல அதே 19 கோல்ட். சுண்டைக்கா கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்னு சும்மாவா சொன்னாங்க. செஷன் முடிஞ்சதும் எல்லாரும் என்னைப் பாத்தாங்க, நான் பட்டியலைப் பாத்தேன்.

அதுக்கப்புறம்தான் நான் ஒரே ஒரு பக்கம் சொந்தமா எழுதினேன். பட்டியல்ல இருக்கிற விலை நடு விலைன்னு வெச்சுக்கிட்டேன். சரக்கு விளையிற இடத்துல அதுல பாதி, அது கிடைக்காத இடத்துல ரெண்டு மடங்கு. ஊருக்குள்ள நுழையும்போது 2டி6, அதாவது ரெண்டு ஆறுமுக டைஸ், உருட்டணும், 7க்கு மேல வர்ற ஒவ்வொரு புள்ளிக்கும் நடு விலையில முப்பதுல ஒரு பங்கு ஏறும், கீழ வந்தா இறங்கும்னு மொதல்ல போட்டேன், அது யாருக்கும் மனக்கணக்கு வரல, அப்புறம் சுலபமா ஒரு புள்ளிக்கு அந்த ஊர் விலையில பத்து சதவீதம்னு மாத்திட்டேன். வாசல்ல 5 சதவீதம் சுங்கம். அவ்வளவுதான், வேற ஒண்ணும் இல்ல. கடலோரத்துல உப்பு பவுண்டு ரெண்டரை காப்பர், 1,900 பவுண்டு நாப்பத்தேழரை கோல்ட். மலையூர்ல டைஸ்ல 10 விழுந்துச்சு, அங்க ரெண்டு மடங்கு விலை 10 காப்பர், அது மேல முப்பது சதவீதம், 13 காப்பர், மொத்தம் 247 கோல்ட். எட்டு நாள் காவலும் தீவனமும் வண்டிக்காரனும் சேர்த்து 34, சுங்கம் 12 சொச்சம், கையில நின்னது 153 கோல்ட். டேபிளே எழுந்து நின்னு கத்திச்சு. டிராகனைக் கொன்னப்ப கூட இவ்வளவு சத்தம் வரல சார்.

அடுத்த உப்பு டிரிப்தான் எங்க கேம்பெய்னோட உச்சம்னு இப்பவும் எல்லாரும் சொல்லுவாங்க. கணவாய்ல கொள்ளைக்காரங்க மறிச்சாங்க, சண்டைக்கு எல்லாரும் ரெடி, மினியேச்சர் பொம்மை எல்லாம் அடுக்கியாச்சு. கொள்ளைக்காரத் தலைவன் மூட்டையை ஒரு குத்து குத்திப் பாக்குறான், உப்பு கொட்டுது, அவன் மூஞ்சி சுளிக்குது. 1,900 பவுண்டு உப்பை அவன் எங்க கொண்டு போய் விப்பான்? அவனுக்குத் தேவை 8 கோல்ட் கழுதை. ராத்திரியோட ராத்திரியா கழுதையை மட்டும் அவுத்துட்டுப் போயிட்டான், எங்க ஆளுங்க காலையில எழுந்து பாத்தா சரக்கு பத்திரமா இருக்கு, இழுக்க ஆள் இல்ல. அன்னைக்குன்னு பாத்து நான் வானிலை டேபிள்ல உருட்டினேன், மழை. கித்தான் வாங்கலாம்னு ரெண்டு செஷன் முன்னாடி க்ளெரிக், அதாவது பூசாரி கேரக்டர், சொன்னப்ப "சதுர கஜம் ஒரு சில்வரா, வேஸ்ட்"னு சொன்னவனும் இதே பார்பேரியன்தான். அவன் கவசத்தைக் கழட்டிட்டு நுகத்துக்குள்ள தலையை விட்டு வண்டியை இழுத்த சீன், மிச்சப் பேர் போர்வை, கூடாரம், மந்திரவாதியோட அங்கி வரைக்கும் மூட்டை மேல போட்டு மூடினது, அதுக்குள்ள கால்வாசி உப்பு கரைஞ்சு ரோட்டுல ஓடினது, மூணு மணி நேரம் போச்சு, ஒரு வாள் கூட உறையில இருந்து வெளிய வரல. பட்டியல் இதுல எதையும் எனக்குக் குடுக்கல, ஆனா கித்தான் 1 சில்வர், கழுதை 8 கோல்ட்னு அது போட்டு வெச்ச எண்கள் இல்லாம இந்த சீன் வந்திருக்கவும் வராது, அதையும் ஒத்துக்கணும்.

ஸ்பெல், அதாவது மந்திரம், பக்கம் போனா பட்டியல் சுத்தமா கண்ணை மூடிக்குது. க்ரியேட் ஃபுட் அண்ட் வாட்டர், 3வது லெவல் ஸ்பெல், 45 பவுண்டு சாப்பாடும் 30 கேலன் தண்ணியும் வருது. கோதுமை கணக்குல பாத்தா 45 காப்பர், அரை கோல்ட் கூட இல்ல, கடவுள்கிட்ட மன்றாடி வாங்கினதுக்கு. ஆனா முற்றுகையில மாட்டின ஊருக்குள்ள இதே ஸ்பெல் என்ன விலை போகும்? ப்ளாண்ட் க்ரோத் இன்னும் பெருசு, எட்டு மணி நேரம் உக்காந்து மந்திரம் போட்டா சுத்தி அரை மைலுக்கு நிலம் ஒரு வருஷத்துக்கு ரெண்டு மடங்கு விளையும். எங்க ட்ரூயிட், அதாவது இயற்கை மந்திரக்காரி, நல்ல எண்ணத்துல ஒரு சமவெளி முழுக்க சுத்தி சுத்தி இதைப் போட்டுட்டு வந்தா, அடுத்த அறுவடையில கோதுமை கேக்க ஆள் இல்ல, நான் விலையைப் பாதியாக்கிட்டேன், விவசாயிங்க அவளைத் தேடி வந்தாங்க, கும்பிட இல்ல.

வைரம் பத்தி ஒரு தனிப் புத்தகமே போடலாம். செத்தவனை எழுப்புற ஸ்பெல்கள்ல ரிவிவிஃபைக்கு 300 கோல்ட் மதிப்பு வைரம் வேணும், ரெய்ஸ் டெட்டுக்கு 500, ரெசரக்‌ஷனுக்கு 1,000, ட்ரூ ரெசரக்‌ஷனுக்கு 25,000, எல்லாமே மந்திரம் முடிஞ்சதும் மாயமா போயிடும். அப்போ செத்தவனை எழுப்புற கோயில் இருக்கிற ஒவ்வொரு ஊருக்கும் வைரம் இறக்குமதி ஆகிக்கிட்டே இருக்கணும், ஒரு நாளும் தேங்காது, உலகத்திலேயே உருப்படியான ஏற்றுமதிச் சரக்கு இதுதான், ஆனா ட்ரேட் குட்ஸ் பட்டியல்ல வைரம் இல்ல. சரி, நான் சேர்த்துக்கிட்டேன். சேர்த்ததும் ஒரு வில்லங்கம். விதி வைரத்தோட எடையைச் சொல்லல, மதிப்பைச் சொல்லுது. சுரங்க ஊர்ல வைரம் மலிவு, அதனால 300 கோல்டுக்குப் பெரிய கல் வேணும். வைரமே கிடைக்காத தீவுல அதே 300 கோல்டுக்குக் கடுகளவு கல் போதும். அப்போ சுரங்கத்துல வாங்கின ஒரு கல்லைத் தீவுக்கு எடுத்துட்டுப் போய் பத்தா உடைச்சா பத்து பேரை எழுப்பலாமா? மதிப்பை யார் முடிவு பண்றது, கடவுளா, கடைக்காரனா? எங்க க்ளெரிக்கும் விசார்டும் இதுக்கு இன்னும் பேசிக்கிறது இல்ல.

மத்தவங்க இதை எப்படி செஞ்சாங்கன்னும் கொஞ்சம் பாத்தேன். டி அண்ட் டியோட ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்ங்கிற கற்பனை உலகத்துக்கு 2001ல வந்த 3வது எடிஷன் புத்தகத்துல ஒவ்வொரு நாட்டுக்கும் தலைநகரம், மக்கள்தொகைக்குக் கீழயே இறக்குமதி என்ன, ஏற்றுமதி என்னன்னு ரெண்டு வரி குடுத்துட்டாங்க. ரெண்டே ரெண்டு வரி. ஆனா அதைப் படிச்சதும் உலகம் நகர ஆரம்பிச்சுடும், அங்க "தே"ங்கிற நாட்டோட ரெட் விசார்டுங்க, அதாவது மந்திரவாதிங்க, மத்த ஊர்கள்ல என்க்ளேவ்னு தனி இடம் பிடிச்சு மேஜிக் பொருள் விக்கிறாங்கன்னா, அவங்க படையெடுக்காமலே எப்படி உள்ள வர்றாங்கன்னு உடனே புரியும். எபெரான் உலகம், 2004ல வந்தது, இன்னொரு பக்கம் அடிச்சிருக்கு, ஓரியன் குடும்பம் வண்டிப் பாதை, லிராண்டர் குடும்பம் ஆகாயக் கப்பல், குண்டராக் குடும்பம் கடன் கடிதம்னு யார் எதைக் கையில வெச்சிருக்காங்கன்னு பிரிச்சுட்டாங்க. கடன் கடிதத்தோட அருமை 4,600 கோல்டை 92 பவுண்டு காசா சுமந்து பாத்தவனுக்குத்தான் தெரியும். இன்னும் ஆழமா கணக்கு வேணும்னா 2012ல வந்த அட்வென்ச்சரர் காங்கரர் கிங்ங்கிற வேற ஆட்டத்தோட விதிகள் இருக்கு, சந்தையை ஆறு தரமா பிரிச்சு, சரக்குக்கு சரக்கு ஊருக்கு ஊர் தேவை ஏறி இறங்குற மாதிரி. நல்ல வேலைதான், ஆனா எங்க குரூப்புக்கு அது கொஞ்சம் ஓவர், நாலு மணி நேர செஷன்ல ரெண்டு மணி நேரம் பேரேடு எழுத முடியாது.

5க்கு நான் 3 குடுப்பேன். ஒரு மார்க் ஆடும் இஞ்சியும் ஒரே விலைன்னு முடிச்சு போட்டதுக்கு, ஒண்ணு உலோகக் கணக்குக்கு, ஒண்ணு அந்தக் கழுதைக்கு. சண்டைக்கு நடுவுல கொஞ்சம் பொருள் வாங்கி விக்கிற சாதாரண குரூப்னா இந்தப் பட்டியல் தாராளமா போதும், அப்படியே ஆடுங்க. வியாபாரமே ஆட்டம்னு இறங்கினா பிரிண்ட் எடுத்து பக்கத்துல ஊர் பேருக்கு காலி கட்டம் போட்டுக்கோங்க, அதுல நீங்களே பென்சில்ல எழுதுங்க, பேனா வேண்டாம், பத்து தடவை அழிப்பீங்க.

அப்புறம் அந்த உப்பு. பார்பேரியன் எட்டு மாசமா "எங்க காலத்துல உப்பு 5 கோல்ட்"னு புலம்பிக்கிட்டே இருந்தான். போன செஷன்ல மலையூர் கோயில் நிலவறையில ஒரு பழைய கணக்கு ஓலைக்கட்டு கிடைக்கிற மாதிரி வெச்சேன், நூறு வருஷம் பழசு. அவனே படிக்கிற மாதிரி சீட்டை அவன் கையில குடுத்தேன். கிராம்பு 15 கோல்ட், பட்டை 1 கோல்ட், உப்பு பவுண்டு 5 கோல்ட், வெள்ளி விலை. அவன் சீட்டை ரெண்டு தடவை திருப்பிப் பாத்தான், என்னைப் பாத்தான், அப்புறம் எழுந்து நின்னு "அப்போ எவன்டா விலையை இறக்கினது"ன்னு கத்தினான். இப்போ அஞ்சு பேரும் அந்த ஆளைத் தேடிக் கிளம்பிட்டாங்க. எனக்கே இன்னும் அவன் யாருன்னு தெரியாது, அடுத்த செஷனுக்கு நாலு நாள்தான் இருக்கு.